மூன்றாம் மாடிக் கோப்பு

தெற்கத்திச் சீமையில் ஒரு கலெக்டர் ஆபீஸ். அங்கே கோமதிநாயகம் என்று ஓர் அதிகாரி. மனு கொண்டு வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவரிடம் சக்கர நாற்காலியில் வந்தாள் செண்பகவடிவு. பலமாகத் தும்மினாலே எலும்பு முறிகிற அபூர்வ மரபணு நோய் அவளுக்கு. அந்த நோய்க்காரர்களுக்கு அரசு என்ன உதவி செய்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தாள்.

"இப்படியொரு வியாதி எங்க லிஸ்ட்லயே இல்ல. நீ மாற்றுத்திறனாளின்னு எந்த ஆபீஸர் எழுதிக் கொடுத்தாரு?" என்றார் அவர். "சரி, கோப்பெல்லாம் மூணாவது மாடியில இருக்கு. ஏறிப் போய்ப் பாத்துக்கோ."

லிஃப்ட் கிடையாது.

"நான் எப்படி சார் ஏற? பாக்க முடியாமப் போன காரணத்தையாவது எழுதிக் கொடுங்க, போயிடுதேன்."

தொல்லை விட்டது என்று அவர் எழுதினார்: 'மனுதாரர் மாற்றுத்திறனாளி. மாடியேற இயலாதவர். எனவே மனு முடிக்கப்பட்டது.' கீழே கையெழுத்து, முத்திரை.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் செண்பகவடிவு அதைக் கலெக்டரம்மாவிடம் நீட்டினாள். "எந்த ஆபீஸர் எழுதிக் கொடுத்தாருன்னு சார் கேட்டாரு மேடம். இப்போ சாரே கொடுத்துட்டாரு."

கூட்டமே சிரித்தது. கலெக்டரம்மாவும்தான். "இவங்க ஏற வேண்டாம், கோப்பு இறங்கட்டும். நீங்களே தூக்கிட்டு வாங்க, கோமதிநாயகம்."

கட்டுக்கட்டாகச் சுமந்து இறங்கியவர் வேர்த்து விறுவிறுத்து நின்றார். "அப்பப்பா! இந்தப் படியில மனுஷன் ஏறி இறங்க முடியுமா?"

"அதையும் எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்றாள் செண்பகவடிவு.