நேற்றைய இட்லி

மூளையை ஒரு நாளும் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்த மூன்று பேர் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் பார்த்தார்கள். தலைமைச் சமையல்காரர் சீனிச்சாமி. அவர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற பவுன்ராசு. இருவரையும் மேதைகள் என்று நம்பிய குருவம்மாள்.

ஒருநாள் உணவு ஆய்வாளர் வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தால் என்றைக்கு வைத்ததென்றே தெரியாத குழம்புகள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாத்திரத்துக்குப் பாத்திரம் தேதிச் சீட்டு ஒட்டுங்க. முதல்ல உள்ளே வந்ததுதான் முதல்ல வெளியே போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மிஞ்சிய இட்லியில் ஆரம்பித்தது வினை. தினமும் காலையில் ஆவி பறக்க இட்லி அவிப்பார்கள். தேதி ஒட்டி ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு, நேற்றைய இட்லியை எடுத்துப் பரிமாறுவார்கள். இந்தப் புத்திசாலித்தனம் இருபது நாள் நடந்தது.

அங்கே இருந்த சடகோபன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சுடச்சுட ஒரே ஒரு இட்லி தின்றுவிட வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் ஒரு விடியற்காலையில் எழுந்து, நேற்றைய இட்லி மொத்தத்தையும் வாசலில் நின்ற மாட்டுக்குப் போட்டுவிட்டு, தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

சமையலறையில் ஆலோசனை நடந்தது.

"நேத்து இட்லியைக் காணோமே அண்ணே. இன்னிக்கு அவிச்சதையே வச்சிருவோமா?"

"அது எப்படி பவுனு? நேத்து இட்லிதான் முதல்ல போகணும்."

"ஆமாண்ணே, அதுதான் முறை."

"இன்னிக்கு இட்லி நாளைக்கு நேத்து இட்லி ஆயிரும்ல? அதுவரைக்கும் பொறுங்கய்யா" என்று குருவம்மாள் சடகோபனுக்கு ஆறுதல் சொன்னாள். கண்ணெதிரே ஆவி பறந்த இட்லி ஃபிரிட்ஜுக்குள் போனது. பெரியவர்கள் அத்தனை பேரும் பட்டினி.

சடகோபனுக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "உங்க சங்காத்தமே வேண்டாம், நான் என் மக வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினார்.

மூவரும் ஓடிப்போய் வாசலை மறித்தார்கள்.

"நீங்க எப்பய்யா இங்க சேந்தீங்க?" என்றார் சீனிச்சாமி.

"ஆனி மாசம்."

"குஞ்சம்மா ஆச்சி சித்திரையிலயே வந்துட்டாங்களே! அவங்க போகாம நீங்க போக முடியாது."

உள்ளேயிருந்து குஞ்சம்மா ஆச்சி குரல் கொடுத்தாள்: "நான் எங்கேயும் போற மாதிரி இல்லப்பா!"

சடகோபன் சட்டையில் தேதிச் சீட்டை ஒட்டி, ஆச்சிக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.