பின்களத்து எவால்ட்

ஜெர்மனியில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர் பகுதியில் ஒரு சிற்றூர். போர் முடிந்த சில ஆண்டுகளில் அந்த ஊர்க் கால்பந்து அணி மறுபடியும் தலைதூக்கியது. அதன் வலதுபக்கப் பின்களத்தில் ஆடியவன் எவால்ட். வாரம் முழுக்கச் சுரங்கத்தில் கரி வெட்டுவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எதிரணிக்காரர்களின் காலிலிருந்து பந்தைப் பறிப்பான்.

நாற்பது வயதைத் தொடும்வரை அந்த ஒரே அணிக்குத்தான் ஆடினான். எதிரணி வலைக்குள் ஒரு கோல்கூட அடித்ததில்லை. தவறுதலாகத் தன் அணி வலைக்குள்ளேயே அடித்தது ஒன்று உண்டு. அதைக் கேட்பவர்களிடம் எல்லாம் அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

ஆனால் முப்பது வயதைத் தாண்டியபோது ஒருமுறை எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போக இருந்தான்.

அணியின் பயிற்சியாளர் லெம்க்கே. போரில் முழங்கால் போனதால் ஆட முடியாமல், கற்றுக்கொடுக்க வந்தவர். எவால்டைவிட இரண்டு வயது சிறியவர். இருந்தாலும் மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டால் எவால்டுக்கு அவர்தான் குரு. முன்களத்தில் ஓடிக்கொண்டிருந்தவனைப் பின்களத்துக்கு மாற்றியவரும் அவரே. ஏன் என்று அன்று எவால்ட் கேட்கவில்லை. காரணம் சொல்லும் பழக்கம் லெம்க்கேவுக்கும் இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊர் அணியை வென்றார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. எதிரணியின் வேகக்காரனை எவால்ட் ஆட்டம் முழுக்க ஓர் அடிகூட நகரவிடவில்லை. கடைசி நேரத்தில் எவால்டின் அணியின் முன்கள வீரன் ஒரு கோல் அடித்தான். விசில் ஊதியதும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. கோல் அடித்தவனைத் தோளில் தூக்கியது. தூக்கப் போன ஒருவர் கையிலிருந்த குடையை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த எவால்டிடம் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினார்.

மைதானம் காலியாகும்வரை எவால்ட் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் வேலை முடிந்ததும், முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் லெம்க்கேவைத் தேடிப் போனான். வேறு ஓர் ஊர் அணி தன்னை முன்களத்தில் ஆடக் கூப்பிடுவதைச் சொன்னான். போய்விடலாம் என்று தோன்றுவதையும் சொன்னான். லெம்க்கே பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"கோல் அடிப்பவன் பெயரை ஊரே கூவுகிறது. தடுப்பவன் எதற்காக ஆடுகிறான்?" என்று கேட்டான் எவால்ட்.

லெம்க்கே பந்தை அழுத்திப் பார்த்தார்.

"வரும் ஞாயிறு நீ ஆட வேண்டாம்."

எவால்டுக்கு முகம் சுண்டிவிட்டது. "தண்டனையா?"

"இல்லை. மூன்றாவது வரிசையில், ஓரமாக, பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்."

ஞாயிறன்று எவால்ட் கோட்டும் தொப்பியுமாகப் பார்வையாளர் வரிசைக்குப் போனான். யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. பச்சைத் தொப்பி அம்மாள் மட்டும் நகர்ந்து இடம் விட்டார். கோல்கீப்பர் ஆல்பனின் தாய் ஹெட்விக் அம்மாள் அவர். அதை அவரே சொல்லித்தான் எவால்டுக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாக ஆல்பனுக்கு முன்னால் நின்று ஆடியும் அவன் தாயை எவால்ட் பார்த்ததில்லை. அந்த அம்மாளும் மகனைத் தவிர வேறு யாரையும் மைதானத்தில் பார்த்ததில்லை போலிருந்தது.

"பூட்ஸ் கால்களுக்கு நடுவே தலையை நீட்டுவதுதான் தம்பி, என் பையன் வேலை," என்றார். "வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவதைவிட இங்கே வந்து உட்காரலாம் என்று வருகிறேன்."

எவால்டின் இடத்தில் அன்று இறங்கியவன் துடிப்பானவன். பந்து கிடைத்த போதெல்லாம் முன்னால் பாய்ந்தான். கூட்டத்துக்கு அவனை உடனே பிடித்துப்போனது. முதல் பாதியிலேயே அவன் ஒரு கோல் அடித்தபோது எவால்டும் எழுந்து நின்று கைதட்டினான். நல்ல கோல்தான்.

ஆனால் அவன் முன்னால் போன போதெல்லாம் பின்னால் வலதுபக்கம் திறந்த கதவாகக் கிடந்தது. எதிரணி அந்த வழியாகத் திரும்பத் திரும்ப வந்தது. ஆல்பன் பாய்ந்தான், உருண்டான், எழுந்தான், மறுபடி பாய்ந்தான்.

ஹெட்விக் அம்மாள் முதலில் எவால்டின் கோட்டுக் கையைப் பிடித்தார். பிறகு மணிக்கட்டை. இடைவேளை முடிந்த பிறகு இரண்டு கைகளாலும் அவன் கையை இறுக்கிக்கொண்டு கண்களை மூடிவிட்டார்.

"பந்து எங்கே இருக்கிறது தம்பி?"

"நம் பக்கம்தான். வலதுபக்கம்."

"யாராவது தடுக்கிறார்களா?"

எவால்ட் பாதி எழுந்தே விட்டான். கால் தானாக நீண்டு முன்வரிசைப் பலகையில் இடித்தது. அங்கே தடுக்க யாரும் இல்லை. எதிரணிக்காரன் தனியாக ஓடிவந்தான். ஆல்பன் அவன் காலடியில் தலைகுப்புற விழுந்து பந்தை அணைத்துக்கொண்டான். அப்படியே கிடந்தான்.

கூட்டம் அடங்கியது.

"எழுந்துவிட்டானா?"

"இன்னும் இல்லை, அம்மா."

அவர் நகங்கள் எவால்டின் கையில் பதிந்தன. சுரங்கத்தில் காய்ப்பேறிய கை அது. இருந்தும் வலித்தது.

"இப்போது?"

"எழுந்துவிட்டான். வாயிலிருந்து மண்ணைத் துப்புகிறான். நடுவரைத் திட்டுகிறான்."

அந்த அம்மாள் கண்ணைத் திறந்து சிரித்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

நாலுக்கு மூன்று என்று ஊர் அணி வென்றது. கூட்டம் கொண்டாடிக்கொண்டே கலைந்தது. ஹெட்விக் அம்மாள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து நசுக்கியதற்கு மன்னிப்புக் கேட்டார்.

"வழக்கமாக நான் இப்படி இல்லை," என்றார். "இன்றைக்கு என்னவோ ஆகிவிட்டது. காலையில் காபி கொஞ்சம் கடுமையாகப் போட்டுவிட்டேன், அதுதான்."

"இருக்கும்," என்றான் எவால்ட்.

அவர் வீட்டு வாசல்வரை கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வந்தான். பெயரைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. சொல்ல அவனுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் லெம்க்கே வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். எவால்ட் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"உன் இடத்தில் இறங்கிய பையன் நன்றாக ஆடினான். கோலும் அடித்தான்," என்றார் லெம்க்கே.

"ஆமாம். அவனை முன்களத்தில் போடுங்கள்."

"அப்போது வலதுபக்கப் பின்களத்தில்?"

"நான் நிற்கிறேன்."

வேறு ஊருக்குப் போவதைப் பற்றி லெம்க்கே கேட்கவில்லை. எவால்டும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வெயில் அடித்தது. எதிரணி அந்த வட்டாரத்திலேயே வேகமானது. எவால்ட் அன்று ஆடியது போல் அதற்கு முன் ஆடியதில்லை. சின்னப் பிள்ளை போல் அவனுக்குள் ஒரு குதூகலம். பந்து எங்கே வரும் என்று அவன் காலுக்கு முன்கூட்டியே தெரிந்தது. பறித்தான், தட்டிவிட்டான், தலையால் முட்டினான். ஒருமுறை அவன் ஓங்கி உதைத்த பந்து மைதானத்தைத் தாண்டி, சுரங்கத்துக் கரிக்குவியலின் உச்சியில் போய் உட்கார்ந்தது. ஆல்பன் கோல் கம்பத்தில் சாய்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு அன்று வேறு வேலை இல்லை. சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

ஆட்டத்தின் நடுவே எவால்ட் ஒன்றைக் கவனித்தான். வீரர்கள் பக்கத்துப் பெஞ்சில் லெம்க்கே இல்லை. மூன்றாவது வரிசையில், பச்சைத் தொப்பிக்குப் பக்கத்தில் இருந்தார். வெயில் கண்ணில் அடித்ததால் இருவர் முகமும் தெரியவில்லை.

யாரும் கோல் அடிக்காமலே ஆட்டம் முடிந்தது. உப்புச்சப்பில்லாத ஆட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. யாரும் யாரையும் தோளில் தூக்கவில்லை.

எவால்ட் புழுதி படிந்த பூட்ஸோடு ஓடிவந்தான். லெம்க்கே படியிறங்கி மெதுவாக நொண்டி வந்துகொண்டிருந்தார்.

"அந்த அம்மாள் ஏதாவது சொன்னாரா?" மூச்சிரைக்கக் கேட்டான் எவால்ட்.

"இல்லை."

"ஆட்டத்தைப் பற்றி?"

"ஒன்றும் சொல்லவில்லை."

எவால்ட் தயங்கினான். "என்னைப் பற்றி?"

"இல்லை."

"பிறகு இவ்வளவு நேரம் என்னதான் செய்தார்?"

லெம்க்கே தன் இடது தோளை மெல்லத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"என் தோளில் சாய்ந்து தூங்கினார்," என்றார்.