புளித்தண்ணீரில் போட்ட கத்தி

வேடர்கள் வலை விரிக்கும் ஒரு காட்டில் யாரும் மடக்குக் கத்தி இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. வலையில் மாட்டினால் அறுத்துக்கொண்டு தப்ப வேண்டும் அல்லவா?

அங்கே ஒரு குரங்கு இருந்தது. நாலு பேர் மெச்சினால் அதற்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதன் பழைய கத்தி ஆற்றோடு போய்விட்டது. வீட்டிலோ அப்போதுதான் தாவப் பழகிய குட்டி. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு குரங்கு கரடியின் கொல்லுப்பட்டறைக்கு ஓடியது.

கரடி இரண்டு வகை எஃகைச் சேர்த்து அடித்து, மடித்து, மறுபடி அடித்துக் கத்தி செய்யும். கடைசியில் புளித்தண்ணீரில் சற்றே முக்கி எடுத்தால் தகட்டில் வரிகள் எழும்பும். அப்படி ஒரு கத்தியைக் குரங்கின் கையில் கொடுத்தது. நேராகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்தால்தான், காற்றில் நெளியும் குளத்துத் தண்ணீர் போல மெல்லிய வரிகள் தெரிந்தன.

குரங்குக்கு முகம் தொங்கிப்போனது. "என்ன அண்ணே, வரி இருக்கா இல்லையான்னே தெரியல. நரியோட கத்தியில புலி மாதிரி பட்டை பட்டையா இருக்கே."

"நரி அதை வீட்ல மூணு நாள் புளித்தண்ணியில ஊறப்போட்டிருக்கு, தம்பி. வரி ஆழமாகும்தான். ஆனா புளி கத்தியோட கூர்வாயையும் சேர்த்துத் தின்னுடும். நீ இப்படியே வச்சுக்க."

குரங்கு அரைமனதாக வாங்கிக்கொண்டு நடந்தது. வழியில் நரி பிடித்துக்கொண்டது. கத்தியை வாங்கிப் புரட்டிப் பார்த்து, கரடி உன் தலையில் மொட்டைத் தகட்டைக் கட்டிவிட்டதே என்று சிரித்தது. தன் கத்தியை விரித்து மடக்கி, விரித்து மடக்கிக் காட்டியது.

குரங்குக்கு மானம் போனது போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புளியைக் கரைத்துச் சட்டியில் ஊற்றி, கத்தியை விரித்து உள்ளே போட்டது. போட்ட கை காயவில்லை, வெளியே மனைவியின் அலறல் கேட்டது.

குட்டி வலையில் மாட்டிக்கொண்டது!

குரங்கு சட்டிக்குள் கையை விட்டுக் கத்தியை அள்ளிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் இருந்த நரி, பாவம், ஏற்கெனவே அறுத்துக்கொண்டிருந்தது. அதன் கத்தியின் ஆழமான வரிகளில் நார் சிக்கிச் சிக்கி நின்றது. கத்தியின் கூர்வாயோ பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"வேடன் வர்ற சத்தம் கேக்குது. என்னால முடியலப்பா," என்று நரி ஒதுங்கியது.

குரங்கு தன் கத்தியை வலையில் வைத்து இழுத்தது. நார் எங்கும் சிக்கவில்லை. ஓர் இழுப்புக்கு ஓர் இழையாக அறுந்துகொண்டே வந்தது. குட்டி தொப்பென்று அதன் மார்பில் விழுந்தது. வேடன் வந்தபோது வலையில் ஓட்டைதான் இருந்தது.

மரத்து உச்சியில்தான் குரங்குக்கு மூச்சே வந்தது. குட்டியின் வால்முதல் தலைவரை தடவிப் பார்த்தது. பிறகு கத்தியை இலையில் துடைத்தது. ஒரு சொட்டுப் புளிப்புகூட இருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பத் துடைத்தது. "நல்லவேளை, நல்லவேளை," என்று வாய் தானாக முணுமுணுத்தது.

வேடன் போனபின் நரி மரத்தடிக்கு வந்தது. "அந்தக் கத்தியைக் கொஞ்சம் காட்டேன். அதுல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்."

"பாக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்லப்பா," என்று சொல்லிவிட்டுக் குரங்கு கத்தியை மடக்கிக்கொண்டு குட்டியை அணைத்துக்கொண்டது.

நீதி: ஊர் மெச்சுவதற்காக நல்ல பொருளைக் கெடுத்துக்கொள்ளாதே.