தாழை சேர்த்த பதினொரு பிள்ளைகள்

மூங்கில்பாறைக் குன்றின் அடியில் ஓர் ஓடை ஓடியது. அதன் கரையில் இருந்த ஈரமணலில்தான் காட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடந்தது.

அங்கே பாடம் ஒன்றே ஒன்றுதான். மணலில் பதிந்த காலடியைப் பார்த்து, அது யாருடையது, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆசிரியை கருமந்தி கண்டிப்பானவள். தடம் படிக்கத் தெரியாத பிள்ளையை அவள் கோடையில் மலைமேல் போக விடமாட்டாள். புலி போன வழி தெரியாமல் நடக்கிற பிள்ளை வீடு திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கோடையில் கீழே ஓடை வற்றிவிடும்; மலைமேல்தான் தண்ணீர் இருக்கும். மேலே போகாத பிள்ளை பாறை இடுக்கில் கசியும் நீரை நக்கித்தான் உயிர் பிழைக்க வேண்டும்.

சருகுமான் தாழையின் மகள் இலந்தைக்குத் தடம் படிக்க வரவில்லை.

இலந்தை மக்கு இல்லை. ஒருமுறை கேட்ட கதையை மறுநாள் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வாள். எந்த மரம் எப்போது பழுக்கும் என்று கேட்டால் உடனே பதில் வரும். மணலைக் குனிந்து பார்த்தால்தான் எல்லாம் குழம்பிவிடும். செந்நாயின் தடத்தைக் கீரியுடையது என்பாள். வடக்கே போனதைத் தெற்கே போனது என்பாள்.

"கவனம் போதவில்லை, தாழை. வீட்டில் நீ அவளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்றாள் கருமந்தி.

"தினமும் உட்காருகிறேன், டீச்சர். முந்தாநாள் அழுதுகொண்டே நாற்பது தடம் பார்த்தாள். நாற்பதும் தப்பு."

"அப்படியானால் இருவாச்சி வந்து பார்க்கட்டும். எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை" என்றாள் கருமந்தி.

இருவாச்சிப் பறவை அதற்கென்றே படித்தவர். ஒரு பிள்ளைக்குப் பாடம் ஏன் ஏறவில்லை, எந்த வழியில் சொன்னால் ஏறும் என்று பொறுமையாகப் பார்த்துக் கண்டுபிடிப்பார். சுற்றியுள்ள ஏழு குன்றுகளுக்கும் அவர் ஒருவர்தான்.

அவரைப் பார்க்கப் பெயர் பதிய வேண்டும். பதிவேடு முள்ளம்பன்றியிடம் இருந்தது. தாழை அரை நாள் நடந்து அவரிடம் போனாள். முள்ளம்பன்றி தன் முதுகு முள் ஒன்றால் மரப்பட்டையில் எழுதினார்.

"இலந்தை. சருகுமான். மூங்கில்பாறை. நூற்றுப் பதினேழாவது பெயர். இரண்டு கோடை கழித்து வாருங்கள், அம்மா."

"இரண்டு கோடையா? அதுவரை என் பிள்ளை தண்ணீருக்கு எங்கே போவாள், ஐயா?"

"முன்னால் வந்த எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். நான் யாரையும் முன்னால் ஏற்றுவதில்லை. ஏற்றினால் பின்னால் தள்ளப்படுவதும் ஒரு பிள்ளைதானே?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. இருந்தும் தாழைக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

"அவர் ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைப் பார்ப்பார்?"

"ஒன்று. பல நாள் அதுவும் இல்லை." முள்ளம்பன்றி பெருமூச்சு விட்டார். "பட்டியல் வரிசைப்படி இன்று ஒரு குன்று, நாளை ஒரு குன்று என்று பறக்கிறார். பொழுது அதிலேயே போய்விடுகிறது. போய் இறங்கினால், 'எங்கள் வீட்டில் அப்படிப் பிள்ளை யாரும் இல்லையே' என்கிறார்கள். பெயரைப் பதிந்தவர்களே அக்கம்பக்கத்துக்குப் பயந்து ஒளித்துவைத்து விடுகிறார்கள்."

"எங்கள் குன்றில் எத்தனை பேர்?"

"யாரென்று சொல்லமாட்டேன். எண்ணிக்கை சொல்கிறேன். உங்கள் மகளோடு பதினொன்று."

தாழை திடுக்கிட்டாள். இலந்தை ஒருத்திதான் இப்படி என்று அவள் நினைத்திருந்தாள்.

"பதினொரு பேரும் ஒரே இடத்தில் காத்திருந்தால்?" என்று மெதுவாகக் கேட்டாள். "எங்கள் குன்றின் முதல் பெயருக்கு அவர் எப்படியும் வரத்தானே போகிறார்? வந்தவர் மூன்று நாள் தங்கினால் எல்லாரையும் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் பதினொரு தடவை பறந்து வரவேண்டும். மிச்சமாகும் நாளெல்லாம் மற்றக் குன்றுப் பிள்ளைகளுக்கு ஆகட்டும். என் மகளைக் கடைசியில் பார்க்கட்டும், போதும்."

முள்ளம்பன்றி முள்ளைக் கீழே வைத்தார். "பத்தாம் நாள் அங்கே வருகிறார். பிள்ளைகளைச் சேர்த்து வையுங்கள். நான் அவரிடம் சொல்கிறேன்."

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, தாழைக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் முயல் அளவே இருப்பாள். யாராவது பக்கத்தில் வந்தால் சருகுக்குள் பதுங்கிக்கொள்வதுதான் அவள் வழக்கம். இப்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று பேச வேண்டும்.

முதலில் கரடியின் குகைக்குப் போனாள். கரடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கள் வீட்டில் அப்படிப் பிள்ளை யாரும் இல்லை."

தாழையின் கால்கள் ஓடத் துடித்தன. ஆனால் அவள் நகரவில்லை.

"என் வீட்டில் இருக்கிறாள், அக்கா" என்றாள். "என் மகளுக்குத் தடம் படிக்க வரவில்லை. பள்ளிக்கூடத்து அத்திமரத்தடியில் இருவாச்சி ஐயா முன்னால் அவளை உட்கார வைக்கப் போகிறேன். அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் ஊரே அவளைத்தான் பார்க்கும். கூட நாலு பிள்ளைகள் இருந்தால் அவளுக்குத் தெம்பாக இருக்கும். அதைக் கேட்கத்தான் வந்தேன்."

கரடி வாசலை விட்டு விலகினாள். பிறகு தாழ்ந்த குரலில், "என் பையனால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை" என்றாள்.

"உட்கார வேண்டாம், அக்கா. வந்து நடந்துகொண்டே இருக்கட்டும்."

வாய்விட்டுச் சொன்ன பிறகு தாழைக்கு ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது. அடுத்த வாசலில் குரல் நடுங்கவில்லை. கீரி வீடு, முயல் வீடு, காட்டுப்பன்றி வீடு என்று ஒன்பது நாள் நடந்தாள். சில வீட்டில் திட்டி அனுப்பினார்கள். மறுநாளும் போனாள். எல்லா இடத்திலும் முதலில் தன் மகளைப் பற்றித்தான் சொன்னாள்.

பத்தாம் நாள் காலை அத்திமரத்தடியில் பத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒரு பிள்ளையைக் காணோம். எந்த வீட்டை விட்டோம் என்று தாழை யோசித்தாள். அவளுக்குப் பிடிபடவில்லை.

அப்போது கருமந்தி வந்தாள். அவள் வயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி தொங்கியது. அந்தக் குட்டியைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"பதினொன்றாவது இவன்தான். இன்னும் பேச்சு வரவில்லை. ஆசிரியை பிள்ளையே இப்படியா என்று கேட்பார்களோ என்று மூன்று வருடமாக வீட்டிலேயே வைத்திருந்தேன்" என்றாள். பிறகு மணலைப் பார்த்தபடி, "நீ பேசியதைக் கரடி வந்து சொன்னாள், தாழை. கேட்டபிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை" என்றாள்.

தாழை நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

சிறகோசை காடெங்கும் கேட்க இருவாச்சி வந்து இறங்கினார். மூன்று நாள் தங்கினார். ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக இருந்து பார்த்தார், விளையாடினார், கேள்வி கேட்டார். கரடிக்குட்டி மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபோது அவரும் கூடவே நடந்தார். மூன்றாம் நாள் மாலை இலந்தையின் முறை வந்தது.

பத்துத் தடங்களைக் காட்டினார். எட்டு தப்பு. இலந்தை தலையைத் தொங்கப்போட்டாள்.

"இப்போது கண்ணை மூடிக்கொள், கண்ணு. குளம்பு நுனியால் தடத்தின் ஓரத்தைத் தடவிப் பார். அவசரம் இல்லை."

இலந்தை மெல்லத் தடவினாள். "நாலு விரல் இருக்கிறது. நகம் குத்தியிருக்கிறது. முன்பக்கம் ஆழம்." நெற்றி சுருங்கியது. "செந்நாய். ஓடியிருக்கிறது. கிழக்கே."

"சரி" என்றார் இருவாச்சி. அடுத்ததும் சரி. பத்தில் எட்டு சரி.

அவர் கருமந்தி பக்கம் திரும்பினார். "இவளுக்குக் கவனக்குறைவு இல்லை. கண்ணில் படுகிற தடம் மனதுக்குப் போகும் வழியில் கலைந்துவிடுகிறது. தொட்டுப் பார்த்தால் கலைவதில்லை. இவள் தொட்டுப் படிக்கட்டும், நேரமும் கூடுதலாகக் கொடுங்கள். நான் மறுபடியும் வந்து பார்க்கிறேன்."

தாழை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. தன் மகள் சோம்பேறி இல்லை என்று அவளுக்கு எப்போதும் தெரியும். இன்று விவரம் தெரிந்த ஒருவர் அதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் மாறியது. கருமந்தி களிமண்ணில் ஆழமான தடங்கள் செய்து காயவைத்தாள். கரடிக்குட்டி நடந்துகொண்டே படித்தான். கருமந்தியின் குட்டி தடத்துக்குத் தடம் விதவிதமாகக் கைச்சாடை காட்டினான். மற்றப் பிள்ளைகளும் அந்தச் சாடைகளைக் கற்றுக்கொண்டார்கள். எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. இலந்தை பல நாள் தவறினாள், கோபித்தாள், மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

கோடை வந்தது. பதினொரு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். மற்ற இரண்டு பேரும் ஒரு துணையோடு போகலாம் என்று இருவாச்சி எழுதிக்கொடுத்திருந்தார். ஒரு பிள்ளைகூடக் கீழே நிற்கவில்லை.

மலைப்பாதையில் முள்ளம்பன்றி எதிரே வந்தார். "மற்றக் குன்றுகளிலும் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கிறார்கள், அம்மா. பட்டியலில் இன்னும் முப்பது பெயர்தான் பாக்கி. இப்படிக் கேட்க எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

"கற்றுக்கொள்ளவில்லை, ஐயா. பயந்துகொண்டேதான் கேட்டேன்" என்றாள் தாழை.

அவள் அன்று சருகோரமாகப் பதுங்கி நடக்கவில்லை. பாதையின் நடுவே தலை நிமிர்ந்து நடந்தாள். பக்கத்துக் குன்றுக் கடமான் ஒன்று, "முன்னால் தரையைத் தொட்டுத் தொட்டு வழி சொல்லிக்கொண்டு போகிறதே, அது யார் பிள்ளை?" என்று கேட்டது.

"என் மகள். பின்னால் வருகிற பத்துப் பேரும் எங்கள் குன்றுப் பிள்ளைகள்தான்" என்றாள் தாழை.

பிள்ளையின் சிரமத்தை ஒளித்துவைக்கிறவர்கள் அதற்கு வரவேண்டிய உதவியையும் சேர்த்தே ஒளிக்கிறார்கள். கூச்சத்தை விட்டு எல்லாருமாகச் சேர்ந்து கேட்டால் அந்த உதவி எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும்.