ஜன்னல் இடுக்கில் ஒரு வேட்டி

ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட உப்புக் கிடங்கில் ஒரு சாமியார் குடியிருந்தார். கிடங்குச்சாமி என்பார்கள். கூடவே ஏழெட்டுத் தெருநாய்கள், இரண்டு ஆடுகள். கிடங்குக்குக் கதவு கிடையாது. யாரோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புருஷன் செத்துப்போனதிலிருந்து வடிவு வெள்ளிக்கிழமைதோறும் அங்கே வந்து, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேசமாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

"சாமி, இங்க இத்தனை நாய் கெடக்கு. ஒரு வாடை இல்ல. எங்க வீட்ல ஒரே ஒரு பூனை. நொழைஞ்சா கொடலைப் பொரட்டுது. நீங்க என்ன போடுறீங்க?"

"நீ என்ன போட்டுப் பாத்த?"

"எலுமிச்சந்தோலு. வெட்டிவேரு. கட்டிலுக்கடியில அடுப்புக்கரி. ரெண்டு வேளையும் சாம்பிராணி."

"இப்ப எப்படி இருக்கு?"

"பழைய வாடையோட எலுமிச்ச வாடையும் சேந்து அடிக்குது."

"சரிதான். அதுக்குத் துணைக்கு ஆள் சேத்துவிட்டுட்ட" என்றார் சாமி.

அவள் சிரிக்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரியே கேட்கிறது என்றாள். பூனையால்தான் என்று அண்ணன் உலகநாதன் அடித்துச் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து, சாக்கில் கட்டி மீன் ஏலக்கூடத்தில் விட்டுவிடுவானாம்.

"விடட்டுமே."

வடிவு குழந்தையின் தலையைத் தடவினாள். "அது அவரு கொண்டாந்தது சாமி. ஒரு மழையில, சட்டைக்குள்ள வச்சு."

சாமி பக்கத்தில் கிடந்த நாயை நகர்த்தி இடம் பண்ணினார்.

"பூனைய இங்க கொண்டாந்து விடு."

அன்று சாயங்காலமே கொண்டுவந்து விட்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் சாக்கோடு வந்தான். வாசலிலேயே மூக்கைப் பொத்தினான்.

"ஏட்டி, அந்தச் சனியன் எங்க? புடிச்சுக் குடு. தூக்கிட்டுப் போறேன்."

"அது போயி ரெண்டு நாளாச்சுண்ணே."

அவன் கையை எடுத்துவிட்டு மறுபடி மோந்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பிறகு சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, போய்விட்டான்.

அவன் போனதும் வடிவு தரையை வேப்பிலைத் தண்ணீரால் கழுவினாள். இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டாள். புகை போக வழியில்லாமல் உத்தரத்தில் முட்டித் திரும்பிக் கீழே இறங்கியது. பிள்ளை இருமி இருமிக் கருத்துப்போயிற்று. வாரிப் போட்டுக்கொண்டு, தூறலில் கிடங்குக்கு ஓடினாள்.

பூனை ஒரு கிழட்டு நாயின் வயிற்றில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து வந்த காற்று கிடங்கில் நுழைந்து மறுபக்கமாய்ப் போயிற்று. அங்கே உப்பு மணம் மட்டும்தான். அந்தக் காற்றில் பிள்ளையின் இருமல் மெல்லத் தணிந்தது.

"பூனை போயிட்டு. வாடை போகல சாமி" என்றாள். "என் புள்ளைய எதுதான் பிடிச்சிருக்கு?"

சாமி எழுந்து பூனையைத் தோளில் போட்டுக்கொண்டார். "நட."

வீட்டில் பகலிலேயே விளக்கு எரிந்தது. சாமி பூனையைக் கீழே விட்டார். அது சாம்பிராணிச் சட்டியை மோந்தது, எலுமிச்சந்தோலைப் பார்த்துத் தும்மியது. பிறகு ஜன்னல் விளிம்பில் தாவி ஏறி, மூடிய கதவின் இடுக்கை நகத்தால் பிறாண்டிக்கொண்டே குழைந்து குழைந்து கத்தியது. முன்பு வடிவின் புருஷன் வீடு திரும்பும்போது கத்திய கத்தல் அது.

சாமி அருகில் போனார். இடுக்கு நெடுக ஒரு துணி திணித்திருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தார். மழையில் ஊறி ஊறிக் கறுத்திருந்த துணி, கொழகொழவென்று பூஞ்சைக்காளானோடு வந்தது. வீட்டில் இருந்த அத்தனை வாடையும் அதில் இருந்தது.

"யாரு வேட்டி?"

"அவருதுதான்" என்றாள். பிறகு அவசரமாக, "இழுக்காதீங்க சாமி. கொசு வந்துரும். கொசுக்காய்ச்சல்லதான அவரு போனாரு. அவரு வேட்டி இருந்தா எதுவும் உள்ள வராதுன்னு..." என்றாள்.

"வலை கட்டு."

"வலையையும் தாண்டி வந்தா?"

அவள் தோளில் பிள்ளைக்கு மறுபடி இழுக்கத் தொடங்கியிருந்தது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"வரலாம்" என்றார் சாமி.

"அப்ப எந்தத் தைரியத்துல தெறக்கச் சொல்லுதீய?"

பாதி வெளியே வந்த வேட்டியின் நுனியை அவள் கையில் கொடுத்தார் சாமி.

"வெளிக்காத்து வந்து எத்தனை நாளாச்சு இந்த வீட்டுக்கு? நீ பயந்து பயந்து விட்ட மூச்சைத்தான தாயி, அந்தப் புள்ள இழுத்துக்கிட்டிருக்கு."