டாக்டரின் காரும் நாச்சிமுத்துவின் கையும்

கோவையில் சூலூர் பக்கம் ரிமோட் கார் பந்தயம் நடக்கும் ஒரு மண் மைதானம் இருக்கிறது. கார்கள் முழங்கை நீளம்தான். ஆனால் அங்கே போய் அவற்றைப் பொம்மை என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரம் உங்களை யாரும் உள்ளே விடமாட்டார்கள்.

அந்த மைதானத்தில் குரு என்றால் வெண்ணிலாதான். வயது முப்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ. பல் டாக்டர்; வாரமெல்லாம் பீளமேட்டில் பல் பிடுங்குவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இங்கே எல்லோரையும் ஜெயிப்பார். சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு. பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். இப்படி வயது தலைகீழாக இருப்பதில் அங்கே யாருக்கும் மனக்குறை இல்லை. நாச்சிமுத்துவுக்கு முதலில் கொஞ்சம் இருந்தது. வெண்ணிலாவின் கார் ஒரே பந்தயத்தில் அவரை நாலு முறை சுற்றி வந்து முந்திய அன்று அதுவும் போய்விட்டது.

நாச்சிமுத்து லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓடும் மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தே பேரிங் போயிருக்கிறதா, செம்புக்கம்பிக் காயில் எரியப் போகிறதா என்று சொல்லிவிடுவார். சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் அவர் பட்டறை வாசலில் காத்துக் கிடப்பார்கள். அப்பேர்ப்பட்டவரின் கார் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாவது வளைவில் வாலைச் சுழற்றிக்கொண்டு வேலியில் போய் முட்டி நின்றது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

மனைவி சுலோச்சனாவிடம் ஒருநாள் சொல்லிவிட்டார். வருடாந்திரப் போட்டி வரைக்கும் பார்ப்பது; அதற்குள் ‘உங்க கார் சரியா இருக்குது’ என்று டாக்டர் வாயால் வரவில்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவது. பரணை இப்போதே கூட்டி வைக்கட்டுமா என்று சுலோச்சனா கேட்டார்.

டாக்டர் எதையும் ஒளிக்கிறவர் இல்லை. யார் கேட்டாலும் தன் காரில் என்ன ஸ்பிரிங், குலுக்கலைத் தாங்கும் ஷாக்கில் எவ்வளவு கெட்டியான எண்ணெய், என்ன டயர் என்று சொல்லிவிடுவார். நாச்சிமுத்து அத்தனையையும் கேட்டுத் தன் காரில் போட்டார். அதே மோட்டார், அதே ஸ்பிரிங், அதே எண்ணெய். டாக்டரின் கார் வளைவில் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. இவருடையது வேலிக்குப் போனது.

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மைதான ஓரத்தில் டாக்டர் தன் காரை வைத்துச் சரிபார்க்கும் மேஜைக்கு நேரே போய் நின்றார்.

“டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க சொன்னதெல்லாம் அச்சு மாறாமப் போட்டுட்டனுங்க. இன்னும் என்னமோ ஒண்ணு எங்கிட்டச் சொல்லாம இருக்கீங்க.”

வெண்ணிலா கோபப்படவில்லை. தன் ரிமோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“என் காரை ஓட்டுங்ணா.”

நாச்சிமுத்து, ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் ஏறி, ரிமோட்டின் வேக விசையை இழுத்தார். இரண்டாவது வளைவில் டாக்டரின் கார் வாலைச் சுழற்றிக்கொண்டு வேலியில் போய் முட்டியது. திரும்ப ஓட்டினார். திரும்பவும் அதே வேலி.

டாக்டர் போய்க் காரை எடுத்து வந்து, துணியால் மண்ணைத் துடைத்தார்.  அவர் எதையும் மறைக்கவில்லை என்பது நாச்சிமுத்துவுக்கு விளங்கிவிட்டது. கேட்டதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

“அப்ப நான் என்னதானுங்க பண்றது?”

“எல்லாத்தையும் கழட்டிருங்ணா. பெட்டியில இருந்து எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே ஓட்டுங்க. அப்புறம் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.”

மீசை நரைத்தவரைப் பாலர் பள்ளியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. ஆனாலும் கழற்றினார். கம்பெனி ஸ்பிரிங்கோடு ஓட்டிக் கடைசியாக வந்தார். அடுத்த வாரமும் கடைசிதான். பக்கத்து மேஜை ஃபிரெடரிக், கடைசி இடத்தை நாச்சிமுத்து அண்ணன் பத்திரம் பண்ணி வைத்திருக்கிறார், இனி யாரும் அதற்குப் போட்டி போட வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னான்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பந்தயத்தில் ஓட்டியவர்கள் அடுத்த பந்தயத்துக்கு வளைவுகளில் போய் நிற்க வேண்டும். கவிழ்கிற கார்களை ஓடிப் போய் நிமிர்த்திவிடுவது அவர்கள் பொறுப்பு. வேறு ஆளை அனுப்பக் கூடாது. முன்பெல்லாம் நாச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே போவார். அந்த நேரத்தில் எண்ணெயாவது மாற்றலாமே என்று இருக்கும். இப்போது மாற்ற எதுவும் இல்லை. சும்மா நின்றார்.

அவருக்குக் கொடுத்த வளைவு, ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடைக்கு நேர் எதிரே இருந்தது. எல்லோரும் காரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் டாக்டரின் கையைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருமுறை நாச்சிமுத்துவின் காலடியிலேயே ஒரு கார் கவிழ்ந்து சக்கரம் சுற்றிக்கொண்டு கிடந்தது. மேடையிலிருந்து கத்திய பிறகுதான் குனிந்தார். நல்ல திட்டு விழுந்தது.

திட்டு வாங்கினாலும் பார்த்தது வீண் போகவில்லை. டாக்டரின் விரல் வளைவுக்கு முன்பே விசையை விட்டுவிடுகிறது. பிறகு, வலிக்கிற பல்லைத் தொடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறது. தன் விரலை நினைத்துப் பார்த்தார். அது பட்டறையில் சுவிட்ச் போடுகிற விரல். இழுத்தால் முழுசாகத்தான் இழுக்கும். பொறுமையான விரலுக்குப் போட்ட ஸ்பிரிங் இந்த முரட்டு விரலுக்கு எப்படிச் சரிப்படும்?

அதன் பிறகு அவர் மாற்றியது ஒவ்வொன்றும் டாக்டருடையதற்கு நேர்மாறாகப் போனது. டாக்டர் பின்னால் கெட்டி ஸ்பிரிங் போட்டிருந்தால் இவர் மெத்தென்ற ஸ்பிரிங் போட்டார். டாக்டர் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் இவர் தண்ணியான எண்ணெய் ஊற்றினார். ஒன்றை மாற்றி, ஓட்டி, பிடிக்கவில்லையென்றால் பழையபடி வைத்து, மறுபடி ஓட்டினார். குருவுக்கு எதிராகப் போகிறோமே என்று உள்ளுக்குள் உறுத்தல்தான். டாக்டர் அவர் மேஜையைத் தாண்டிப் போகும்போது காரை எட்டிப் பார்ப்பார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் நாச்சிமுத்துவை அரித்துத் தின்றது.

வருடாந்திரப் போட்டி வந்தது. சுலோச்சனாவும் வந்திருந்தார். பரணுக்குப் போகிற சாமானைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தேன் என்றார்.

நாச்சிமுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக இறுதிப் பந்தயத்துக்குத் தேறினார். விதியைப் பாருங்கள், முதல் சுற்றிலேயே ஃபிரெடரிக்கின் கார் இடித்து அவர் கார் மல்லாந்துவிட்டது. வளைவில் நின்றவர் நிமிர்த்திவிடுவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். பழகிய கடைசி இடம்.

அங்கிருந்து பிடித்தார். விசையை முழுசாக இழுத்தார்; பின்சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு நின்றது. ஒவ்வொருவராகத் தாண்டினார். நேர்ப்பாதைக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. மற்ற கார்கள் அதில் துள்ளின. டாக்டருடையதும் துள்ளியது. நாச்சிமுத்துவின் கார் மட்டும் மேட்டில் ஏறி இறங்கியதே தெரியாமல் போனது. கடைசிச் சுற்றில் அவருக்கு முன்னால் டாக்டரின் கார் ஒன்றுதான் இருந்தது. கோட்டைத் தாண்டும்போதும் அதுதான் இருந்தது, ஒரு சாண் முன்னால்.

அன்றைய மிக வேகமான சுற்று நாச்சிமுத்துவுடையது என்று மைக்கில் சொன்னார்கள். ஃபிரெடரிக் வந்து மன்னிப்புக் கேட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டான். தோற்ற மனிதருக்கு நெஞ்சு நிமிர்ந்து நின்றது. அந்தக் காரில் இருந்த ஒவ்வொரு ஸ்பிரிங்கும் அவரே தேடிக் கண்டுபிடித்தது. அந்தப் பெருமையை அவர் மறைக்கவும் இல்லை. சுலோச்சனாவைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் கேட்க வேண்டியது பாக்கி இருந்தது. டாக்டரிடம் போனார்.

“தோத்துட்டனுங்க டாக்டர். அது கிடக்கட்டும். என் கார் சரியா இருக்குதா? அதை மட்டும் சொல்லிப் போடுங்க.”

வெண்ணிலா தன் காரின் மேல்கூட்டைக் கழற்றினார். காரைத் தூக்கிக்கொண்டு நாச்சிமுத்துவின் மேஜைக்கு நடந்தார். அவர் காருக்குப் பக்கத்தில் அதை வைத்து, ஸ்குரூ டிரைவரை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். கேட்டவருக்கெல்லாம் டாக்டர் தன் காரை ஓட்டக் கொடுத்திருக்கிறார்தான். ஆனால் அந்தக் காரின்மேல் வேறொருவர் ஸ்குரூ டிரைவர் பட்டதை அங்கே யாரும் பார்த்ததில்லை.

“அடுத்த மாசம் பெங்களூர்ல ஓட்டறனுங்ணா. மேட்டுல பின்பக்கம் துள்ளுது. எனக்குப் பிடிபடல. நீங்க பாத்துக் குடுங்க.”

நாச்சிமுத்து கையை நீட்டவில்லை.

“வேண்டாமுங்க டாக்டர். நான் செட் பண்ணதெல்லாம் என்ற முரட்டுக் கைக்கு. அது உங்களுக்கு ஆகாதுங்க.”

“உங்க கைக்கு நான் கேக்கலீங்ணா, என் கைக்குத்தான் கேக்கறேன். எல்லாரும் காரைப் பாத்துட்டு நின்னப்ப, என் கையைப் பாத்துட்டு நின்னது நீங்க ஒருத்தர்தான்.”