ஏன் என்று கேட்காதே

பாரிஸ்டர் மீனலோசனி மதுரையில் பிறந்தவர். லண்டனில் முப்பது வருடங்களுக்கு மேல் வழக்காடியவர். எழுபதைத் தொட்டபின், நாடு நாடாகப் போய் வழக்கறிஞர்களுக்குக் குறுக்கு விசாரணையில் பயிற்சி கொடுத்துவந்தார். சென்னை வழக்கறிஞர் திருமாறன் அவரிடம் பயின்றவர். தலை நரைக்கத் தொடங்கிய வயதில், தானும் பயிற்சியாளராக வேண்டும் என்று அவரோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த முறை பிஜியில் பயிற்சி. வகுப்பு இல்லாத ஒரு நாள், முன்பு அங்கே மீனலோசனியிடம் பயிற்சி பெற்ற லிட்டியா என்ற வழக்கறிஞர் வந்து அழைத்தார்.

"இன்று என் வழக்கு. வந்து பாருங்களேன்."

இருவரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மரம் அறுக்கும் மில்லுக்குத் தீ வைத்தார் என்று எபேலி என்ற தொழிலாளி மேல் குற்றச்சாட்டு. நிரூபணமானால் பல வருடச் சிறை. அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்திருந்தார். பார்த்த சாட்சி ஒருவர்தான். அதே மில்லில் வேலை செய்யும் பெரியவர் விலியாமே. தீப்பிடித்தபோது எபேலி அங்கிருந்து ஓடியதைக் கண்டதாகச் சொன்னார்.

எபேலியின் தரப்பில் லிட்டியா எழுந்தார். ஆம், இல்லை என்று மட்டுமே பதில் வரக்கூடிய சின்னச் சின்னக் கேள்விகள். மீனலோசனி சொல்லிக்கொடுத்தது அப்படியே இருந்தது. திருமாறனுக்கு அதில் திருப்தி.

ஆனால் பெரியவர் அசையவில்லை. சொன்னதையே சொன்னார்.

லிட்டியா கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, எபேலி பெயரைச் சொல்லும்போதெல்லாம் தரையைப் பார்க்கிறீர்கள். ஏன்?"

திருமாறனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குறுக்கு விசாரணையில் ஏன் என்று மட்டும் கேட்காதே என்பது மீனலோசனி எங்கே போனாலும் சொல்லும் பாடம். என்ன பதில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவன் கண்ணைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று பெரியவர் சொல்லிவிட்டால் எபேலியின் கதை அதோடு முடிந்தது.

திருமாறன் சட்டென்று திரும்பி மீனலோசனியின் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் தெரியவில்லை.

பெரியவர் நிமிர்ந்து எபேலியைப் பார்த்தார்.

"அன்று நான் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மா. முதுகைத்தான் பார்த்தேன். மஞ்சள் மழைக்கோட்டு. மில்லில் எங்கள் எல்லோரிடமும் அது உண்டு. எபேலிதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டேன்."

அன்று மாலையே எபேலி விடுதலையானார். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

லிட்டியா ஓடிவந்தார். "ஏன் என்று கேட்டுவிட்டேன். திட்டப் போகிறீர்களா?"

மீனலோசனி அவர் கன்னத்தைத் தட்டினார். "போய் நன்றாகத் தூங்கு."

பிறகு மீனலோசனியும் திருமாறனும் கடலோரக் கடை ஒன்றில் வறுத்த மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காற்று சுகமாக இருந்தது. மீனலோசனி ரசித்துச் சாப்பிட்டார். திருமாறனுக்குக் கை போகவில்லை.

"மேடம், நாளைக்கு வகுப்பு நான்தானே எடுக்கணும்?"

"ஆமா."

"ஏன்னு கேட்கக் கூடாதுங்கிற பாடத்தை விட்டுடட்டுமா?"

"எதுக்கு விடணும்? நல்லா அழுத்திச் சொல்லுங்க."

"அதை மீறித்தானே லிட்டியா ஜெயிச்சாங்க?"

"மீறித்தான் ஜெயிச்சா."

"அப்போ எந்த நேரத்துல மீறலாம்னும் சொல்லணுமே. அதை நீங்க எந்த ஊர்லயும் சொன்னதில்லையே. எனக்கும் சொன்னதில்ல. அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

மீனலோசனி கிழங்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"லிட்டியா அப்படிக் கேட்டதும் நீங்க யாரைப் பார்த்தீங்க?"

"உங்களைத்தான், மேடம்."

"அவ அந்தப் பெரியவரைப் பார்த்துட்டிருந்தா."